நிலவில் நிறை குறையுமா? ஒரு சொல்லும் இரு நாட்டுப் பாடநூல்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பலர் கூடி எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியங்களைப் பற்றி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் அத்தகைய தளம் ஒன்றில் "நிலவில் ஒரு பொருளின் நிறை குறையும்" என்று படித்து, அதையே தேர்விலும் எழுதி மதிப்பெண் இழந்ததாகவும், அடிப்படை வரையறைகூடத் தெரியாதவர்கள் எழுதும் இடத்துக்கு மாணவர்களை அனுப்பக் கூடாது என்றும் அவர் வருந்தியிருந்தார். பிள்ளையின் படிப்பில் அவருக்குள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்தவள் நான். அந்தக் குழந்தையின் விடைத்தாள் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். ஆயினும் அந்த வரி பிழையான வரியன்று. அதை எழுதியவர் இயற்பியல் அறியாதவரும் அல்லர். இதை விளக்கவே இக்கடிதம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவை நிறை என்கிறோம். அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசையை எடை என்கிறோம். இலங்கையின் தமிழ்வழிப் பாடநூல்களில் முன்னதற்குப் பெயர் திணிவு; பின்னதற்குப் பெயர்தான் நிறை. ஆகவே 50 கிலோகிராம் கொண்ட ஒருவரைப் பற்றித் திருச்சியில் படிக்கும் மாணவி "நிறை 50 கிலோகிராம், எடை ஏறத்தாழ 490 நியூட்டன்" என்று எழுதுவாள். யாழ்ப்பாணத்தில் படிக்கும் மாணவி "திணிவு 50 கிலோகிராம், நிறை ஏறத்தாழ 490 நியூட்டன்" என்று எழுதுவாள். நிலவின் ஈர்ப்பு புவியினுடையதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு; பருப்பொருளின் அளவோ இடத்துக்கு இடம் மாறாது. ஆகவே "நிலவில் நிறை மாறாது" என்பது நம் மாணவிக்குச் சரியான விடை. "நிலவில் நிறை குறையும்" என்பது அந்த மாணவிக்குச் சரியான விடை. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு வாக்கியங்களும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. வேறுபடுவது சொல்லுக்கு நாம் ஏற்றியிருக்கும் பொருள் மட்டுமே.

இதை இன்று நான் இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வாசகர் செய்ததையே நானும் செய்தேன் என்பதுதான் காரணம். பணி ஓய்வுக்குப் பின், என் மருமகள் கணினியில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுக்க, அத்தகைய கலைக்களஞ்சியம் ஒன்றில் கணக்குத் தொடங்கினேன். அது எந்தத் தளம் என்பது இங்கே தேவையில்லை. பலர் கூடி எழுதும் எந்த இடத்திலும் நிகழக்கூடியதே நிகழ்ந்தது. பயனர் பக்கத்தில் "ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, இயக்கவியல் பற்றிய ஒரு கட்டுரையைத் திறந்தேன். அதில் திணிவு என்ற சொல்லைக் கண்டதும், இயற்பியல் தெரியாத யாரோ அடர்த்தி என்று எழுத நினைத்துத் தவறாக எழுதியிருக்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். சற்றுப் படித்தபின் அச்சொல் நிறையைத்தான் குறிக்கிறது என்பது விளங்கியது. உடனே, இரவோடு இரவாக, கட்டுரை முழுவதிலும் திணிவு என்று இருந்த இடங்களிலெல்லாம் நிறை என்று மாற்றிச் சேமித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு உறங்கப் போனேன்.

மறுநாள் காலை என் மாற்றங்கள் ஒன்றுகூட இல்லை. பழைய வடிவம் அப்படியே திரும்பியிருந்தது. ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில், மாற்றத்துக்கான காரணத்தை எழுத வேண்டிய தொகுப்புச் சுருக்கப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. எனக்குச் சினம் வந்தது. மீண்டும் மாற்றினேன், மீண்டும் பழையபடி ஆக்கப்பட்டது. மூன்றாம் முறை மாற்றும்போது, "முப்பது ஆண்டு ஆசிரியையின் திருத்தத்தை நீக்க உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது" என்றும் எழுதினேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் நான் செய்திருந்தது அரைகுறையான மாற்றம். அந்தக் கட்டுரையில் "நிறை = திணிவு × புவியீர்ப்பு ஆர்முடுகல்" என்று ஒரு சமன்பாடு இருந்தது (நாம் முடுக்கம் என்பதை இலங்கையில் ஆர்முடுகல் என்பார்கள்). திணிவை நிறையாக்கிய நான், ஏற்கெனவே நிறை என்று இருந்ததை எடையாக்கத் தவறிவிட்டேன். அதனால் அச்சமன்பாடு "நிறை = நிறை × புவியீர்ப்பு ஆர்முடுகல்" என்று ஆகிவிட்டது. ஒரு மாணவர் இதை எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? என் திருத்தத்தை நீக்கியவர் நீக்கியது சரியே. காரணத்தை ஒரே வரியில் சொல்லாமல் விட்டதுதான் சரியன்று.

அந்த ஒரு வரியை எழுதியவர் வேறொருவர். அன்று மாலை என் உரையாடல் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. "வணக்கம் ரீச்சர்" (நாம் டீச்சர் என்பதை அங்கே இப்படி எழுதுவார்கள்) என்று தொடங்கிய அச்செய்தியில், தாம் யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பிப்பவர் என்றும், தங்கள் பாடநூலில் திணிவு, நிறை என்ற சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன என்றும், அக்கட்டுரை தொடக்கத்தில் இலங்கை வழக்கில் எழுதப்பட்டது என்றும் விளக்கி, தமிழ்நாட்டுப் பாடநூலில் எடைக்கு என்ன வரையறை தரப்பட்டுள்ளது என்பதை நூற்பக்கத்தோடு தர முடியுமா என்று கேட்டிருந்தார். குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை. என்னிடம் உள்ளதைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வேலையையும் கொடுத்திருந்தார். அதன் பிறகு நான் அந்த இடத்தை விட்டு விலகவில்லை.

ரீச்சர் என்ற அந்த விளி என்னை வேறோரிடத்துக்கும் கொண்டுசென்றது. 1990இல் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் நான் பணியாற்றிய பள்ளியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வில் ஒரு பொருளின் நிறையை நியூட்டன் அலகில் எழுதியிருந்தாள். "அலகு தவறு" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "ரீச்சர், எங்கட புத்தகத்தில இப்பிடித்தான் இருந்தது" என்றாள். உன் புத்தகத்தில் என்னதான் இருந்தது என்று நான் கேட்கவில்லை. "இங்கே இப்படி எழுதக் கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். தேர்வு நோக்கில் அது தேவையான அறிவுரைதான். ஆனால் அவள் எழுதியது தவறு என்றே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நான் நம்பியிருந்தேன். ஊரை விட்டு வந்த ஒரு குழந்தையிடம், அவள் கற்று வந்ததும் சரியானதே, இங்கே பெயர் மட்டும்தான் வேறு என்று சொல்ல இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

இந்த வேறுபாடு யாருடைய அறியாமையாலும் வந்ததன்று என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். தமிழில் அறிவியலைச் சொல்லும் முயற்சி பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் தனித்தனியே நடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களிலேயே தமிழ்வழியில் மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் சொற்களையும் தமிழில் ஆக்கினார். இங்கே 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினர். அவர்களுக்குப் பின் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. இரு கரையினரும் ஒரே மொழியின் சொற்குவியலிலிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் ஒரே சொல்லை வெவ்வேறு கருத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். பின்னர் இரு நாட்டுப் பள்ளிகளும் தத்தம் சொற்களிலேயே பல தலைமுறைகளைத் தேர்வு எழுத வைத்துவிட்டன. இன்று இணையம் அந்தத் தலைமுறைகளை ஒரே பக்கத்தில் எழுத உட்கார்த்தியிருக்கிறது.

நிறை ஒன்று மட்டும் இப்படி இருந்தால் எளிதில் தீர்த்துவிடலாம். வேகம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் திசையைக் கருதாத அளவை வேகம் என்றும் திசையோடு கூடியதைத் திசைவேகம் என்றும் சொல்கிறோம். அவர்கள் முன்னதைக் கதி என்றும் பின்னதை வேகம் என்றும் சொல்கிறார்கள். ஆகவே "வட்டப்பாதையில் சீராகச் சுற்றும் பொருளின் வேகம் மாறாது" என்ற வாக்கியம் இங்கே சரி, அங்கே தவறு. நாம் திறன் என்பது அவர்களுக்கு வலு. நாம் துகள் என்பது அவர்களுக்குத் துணிக்கை. நாம் திசு என்பது அவர்களுக்கு இழையம். அறிவியலுக்கு வெளியிலும் இதே நிலைதான். நம் செய்தித்தாள்களில் அதிபர் என்றால் அமெரிக்க அதிபர் நினைவுக்கு வருவார். இலங்கையில் அதிபர் என்றால் பள்ளியின் தலைமை ஆசிரியர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஒரு பள்ளிக்கூடம். இது தெரியாத ஒருவர், "கல்லூரியில் ஆறாம் வகுப்பு எப்படி இருக்கும்" என்று எண்ணி அந்தப் பக்கத்தைத் திருத்தப் புகுந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

நம் இலக்கணம் இதை மிகத் தொன்மையிலேயே கண்டு வைத்திருக்கிறது. தொல்காப்பியர் திரிசொல்லை "ஒருபொருள் குறித்த வேறுசொல் ஆகியும் வேறுபொருள் குறித்த ஒருசொல் ஆகியும்" இருவகையாகப் பிரிக்கிறார். திணிவும் நிறையும் ஒரு பொருளைக் குறிக்கும்போது அவை முதல் வகையை ஒத்திருக்கின்றன. நிறை என்பதே இங்கொரு பொருளையும் அங்கொரு பொருளையும் குறிக்கும்போது இரண்டாம் வகையை ஒத்திருக்கிறது. திசைச்சொல்லுக்கு உரை எழுதியோர், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்றும், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் என்றும் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். எந்த நாட்டார் எந்தச் சொல்லை என்ன பொருளில் வழங்குகிறார்கள் என்று குறித்துவைத்துவிட்டு, எது சரி என்ற வழக்குக்குள் அவர்கள் போகவில்லை. கலைக்களஞ்சியத்தில் எழுதும் நமக்கும் அந்த முறையே போதுமானது என்பது என் கருத்து. திருவள்ளுவர் "நிறைகாக்கும் காப்பே தலை" என்னும்போது நிறை மன உறுதியைக் குறிக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் "அளவிற்கும் நிறையிற்கும்" என்று வரும் இடத்தில் நிறுத்தலளவையைக் குறிக்கிறது. இவ்வளவு பொருளைத் தாங்கி வந்த ஒரு சொல்லுக்கு, என் ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் தந்த ஒரே பொருளைத்தான் உரியது என்று நான் எப்படி வாதிட்டேன் என்று இப்போது வியக்கிறேன்.

கலைக்களஞ்சியத்துக்குப் புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. அகராதி சொல்லை விளக்குகிறது. கலைக்களஞ்சியம் பொருளை விளக்குகிறது. நிறை என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்பது அகராதிக்குரிய செய்தி. பருப்பொருளின் அளவைப் பற்றி ஒரு கட்டுரையும், ஈர்ப்பு விசையைப் பற்றி ஒரு கட்டுரையும் இருக்க வேண்டும் என்பது கலைக்களஞ்சியத்துக்குரிய செய்தி. கட்டுரை ஒன்றுதான், பெயர்கள் இரண்டு. ஏதேனும் ஒரு பெயரைத் தலைப்பாக வைத்துத்தான் ஆக வேண்டும். மற்றப் பெயரைத் தேடி வருபவரை அங்கே கொண்டுசேர்க்க வழிமாற்று இருக்கிறது. ஒரே சொல் இரண்டு கட்டுரைகளுக்கு உரியதாகும்போது, "நீங்கள் தேடுவது இதுவா, அதுவா" என்று கேட்கும் பக்கம் ஒன்றையும் வைக்கலாம். இந்த ஏற்பாடுகளெல்லாம் இருக்கையில், தலைப்பில் தம் ஊர்ச் சொல் இல்லை என்பதற்காகத் தம் மொழியையே யாரோ அழித்துவிட்டதுபோலப் புதியவர்கள் மனம் புண்பட வேண்டியதில்லை. எனக்கு அப்படித்தான் புண்பட்டது, அதனால் சொல்கிறேன்.

நெடுங்காலமாக எழுதி வருபவர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர்களுடைய சுமையை நான் இப்போது அறிவேன். திணிவை நிறையாக்குபவர் நான் ஒருத்தி அல்லேன். நிறையைத் திணிவாக்குபவர்களும் அதே அளவுக்கு வருகிறார்கள். ஊதியமின்றி, தம் ஓய்வு நேரத்தில், ஒரே விளக்கத்தை இருபதாம் முறையாக எழுதுவது எவருக்கும் சலிப்பைத் தரும். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய வடிவம் திரும்பிவிடும்போது விளக்கம் எழுதும் கை தானாகவே தயங்கும். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலை பெரிது. 2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்போரின் எண்ணிக்கை 2007ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுப் பின்னர்க் குறையலாயிற்று. அதைப் பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் முன்னைவிட அதிகமாக நீக்கப்பட்டதும், அதற்குத் தானியங்கிக் கருவிகள் துணைநின்றதும் அவர்கள் நிலைத்திராததற்கு முக்கியக் காரணங்கள் என்று கண்டது. உலகெங்குமிருந்து ஆள் வந்துகொண்டிருக்கும் ஆங்கிலத்துக்கே அந்நிலை என்றால், தமிழில் எழுத முன்வரும் ஒவ்வோர் ஆசிரியரும் செவிலியரும் உழவரும் எவ்வளவு அரியவர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் இத்தகைய பூசல் உண்டு. பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும் மோதிக்கொண்டபோது, ஒரு வழக்கில் எழுதப்பட்ட கட்டுரையைத் தக்க காரணமின்றி மற்றொரு வழக்குக்கு மாற்றக் கூடாது என்றும், ஒரு நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய பொருளானால் அந்நாட்டு வழக்கிலேயே எழுத வேண்டும் என்றும் அங்கே விதி வகுத்தார்கள். அந்த விதி இருந்தும் யோகர்ட் என்ற சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக வர வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்து 2011இல்தான் முடிந்தது. சீனர்கள் வேறு வழி கண்டார்கள். சீன விக்கிப்பீடியாவில் கட்டுரை ஒன்றே. படிப்பவர் சீனப் பெருநிலம், தைவான், ஹாங்காங் என்று தம் வழக்கைத் தெரிவு செய்தால், எழுத்து வடிவமும் பல வட்டாரச் சொற்களும் அதற்கேற்ப மாறிக் காட்டப்படுகின்றன. தமிழுக்கும் இது வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் ஆர்வத்தோடு சொன்னார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. துணிக்கையைத் துகள் என்று காட்டுவது எளிது. ஆனால் திணிவை நிறை என்றும் நிறையை எடை என்றும் மாற்றச் சொன்னால், வரிசை சற்றுப் பிறழ்ந்தாலும் இயந்திரம் திணிவை முதலில் நிறையாக்கி, அடுத்த நொடியில் அதையே எடையாக்கிவிடும். அன்று இரவு நான் ஒரு கட்டுரையில் செய்த பிழையை அது ஓராயிரம் கட்டுரைகளில் செய்யும். இத்தகைய சொற்களில் மனிதர் ஒருவர் வாக்கியத்தைப் படித்துப் பார்த்து எழுதுவதற்கு மாற்று இல்லை என்றே நினைக்கிறேன்.

இதற்காக, யார் எந்தப் பொருளைச் சொன்னாலும் "அது உங்கள் ஊர் வழக்கு" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒளியாண்டு என்பதைக் கால அளவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது எந்த நாட்டுப் பாடநூலிலும் இல்லாத பொருள். ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவுதான் அது. வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்குவதும் அப்படியே. இன்னொரு வகையும் உண்டு. அதில் என் போன்ற ஆசிரியர்கள் கூடுதலாக விழுகிறோம். வழக்கில் உள்ள சொல் பிடிக்கவில்லை என்று தாமே ஒரு சொல்லை உருவாக்கி, மறுநாளே அதைக் கட்டுரைத் தலைப்பாக்கிவிடுகிறோம். சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும், நூலிலோ இதழிலோ வகுப்பறையிலோ வழங்காத ஒன்றைக் கலைக்களஞ்சியம் வழங்குவதாகக் காட்டலாகாது. சொல்லாக்கத்துக்கு வேறு களங்கள் இருக்கின்றன. ஆகவே, வட்டார வேறுபாட்டையும் வெறும் பிழையையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். அது அச்சான சான்று: பாடநூல், சொற்றொகுதி, அகராதி, அரசிதழ், செய்தித்தாள். "நான் அப்படித்தான் படித்தேன்" என்பது சான்றைத் தேடப் புறப்படுவதற்கான காரணம் மட்டுமே. யாழ்ப்பாணத்து ஆசிரியர் என்னிடம் நூற்பக்கம் கேட்டதும் இதனால்தான்.

நாங்கள் இருவரும் அந்தக் கட்டுரைக்குக் கண்ட தீர்வு மிக எளியது. தலைப்பைத் தொடவில்லை. முதல் பத்தியில், இந்த அளவு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்றும் இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்றும் வழங்கப்படுகிறது என்றும், இலங்கை வழக்கில் நிறை என்பது தமிழ்நாட்டில் எடை எனப்படுவதைக் குறிக்கும் என்றும் இரண்டு வாக்கியங்கள் எழுதி, இரு நாட்டுப் பாடநூல்களின் பக்கங்களையும் சான்றாகக் கொடுத்தோம். உரையாடல் பக்கத்தில் இந்தக் கதை முழுவதையும் சுருக்கமாக எழுதிவைத்தோம். அதற்குப் பிறகும் மாற்ற வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இப்போது அவர்களிடம் "முதல் பத்தியைப் பாருங்கள்" என்று சொல்ல முடிகிறது. பெரும்பாலோர் பார்த்துவிட்டு அமைதியடைகிறார்கள். சிலர் நன்றி சொல்லி, வேறொரு கட்டுரையில் இதே குறிப்பைச் சேர்க்கவும் முன்வந்திருக்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவான பேச்சுக்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். பிழை என்று பட்டதைக் கண்ட வாசகர் நாளிதழுக்கு எழுதியதில் தவறில்லை. ஆனால் அதே பத்து வரிகளை அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்திலோ அத்தகைய பொதுப் பக்கத்திலோ எழுதியிருந்தால், அந்த வரியைத் திருத்தக்கூடியவர்களின் கண்ணிலேயே அது பட்டிருக்கும். படித்த மற்றப் பிள்ளைகளுக்கும் குழப்பம் தீர்ந்திருக்கும். கணக்குத் தொடங்காமலேயே உரையாடல் பக்கத்தில் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய மகளிடம், அவள் படித்த வரியின் பொருளை விளக்கிவிட்டு, "உன் தேர்வில் நிறைக்கு நம் பாடநூல் தரும் பொருளையே எழுது, அங்கே வேறு பொருள் உண்டு என்பதையும் தெரிந்துகொள்" என்று சொன்னால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது சுமையன்று.

பாடநூல் ஆக்குவோரிடமும் ஒரு வேண்டுகோள். பாடத்தின் இறுதியில் தரப்படும் கலைச்சொல் பட்டியலில், ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் இலங்கை வழக்குக்கும் ஒரு நிரல் ஒதுக்கலாம். இயற்பியலுக்கு இரண்டு பக்கம்கூட ஆகாது. இணையத்தில் தமிழில் தேடும் ஒவ்வொரு மாணவரும் இரு வழக்கிலும் எழுதப்பட்ட பக்கங்களைச் சந்திக்கத்தான் போகிறார். அந்தச் சந்திப்புக்கு நாம் அவரை ஆயத்தப்படுத்தவில்லை.

நிறையைப் பற்றிய வழக்கு முடிந்தது. வேகத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. வேகம், திசைவேகம், கதி என்ற மூன்று சொற்களும் எந்தெந்தக் கட்டுரைக்குப் போக வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் சில மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் பழைய பாடநூல்களில் இச்சொற்கள் எப்படி வழங்கின என்பதை உறுதிசெய்ய, 1960களிலும் 1970களிலும் வெளிவந்த எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழ்வழி அறிவியல் நூல்கள் தேவைப்படுகின்றன. தங்கள் வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது அவை இருந்தால், வேகத்துக்கு வரையறை தரும் பக்கத்தையும் நூலின் பெயர், ஆண்டு உள்ள முதல் பக்கத்தையும் படமெடுத்துத் தங்கள் நாளிதழ் முகவரிக்கு அனுப்பிவைத்தால், அங்கிருந்து பெற்றுக்கொள்கிறேன். சென்ற வாரம் கடிதம் எழுதிய வாசகரும் அவருடைய மகளும் இந்தத் தேடலில் சேர்ந்துகொண்டால் மிகவும் மகிழ்வேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.